நீங்கல் பொருள்

திருநள்ளாற்றுக்கு ஐந்து கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு ஜோஸ்யத்தைப் பழிப்பது அவ்வளவு புத்திசாலித்தனமான காரியம் அல்ல. 2023 டிசம்பர் 20-ம் தேதி சனிப்பெயர்ச்சியன்று எங்கள் காரைக்கால் சாலைகளில் கால் வைக்க இடம் கிடையாது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து நள தீர்த்தத்தில் முழுகி, எள் தீபம் ஏற்றிவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சனீஸ்வரனைத் தேடி வருகிறவன், “எனக்கு என்ன நடக்கும்?” என்று கேட்பதோடு நிற்பதில்லை, “அதற்கு நான் என்ன செய்யவேண்டும்?” என்றும் கேட்கிறான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறான். சனிக்கிழமை பட்டினி கிடக்கிறான். தன் பங்குக்கு ஏதோ செய்கிறான்.

என் சண்டை வேறு ஜோஸ்யர்களோடு. கால்பந்துப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், ஆட்டக்காரர் பட்டியலை ஜாதகம் மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, “இந்த வருஷம் சென்னை அணிக்கு யோகம்” என்றோ “மத்திமம்” என்றோ பலன் சொல்கிறார்களே, அவர்களோடு. பத்திரிகைக்காரர்கள் சொல்கிறார்கள், டெலிவிஷன்காரர்கள் சொல்கிறார்கள், எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பையன் சொல்கிறான். முதல் இரண்டு பேரையும் விட அந்தப் பையன் மேல் எனக்குப் பிரியம் அதிகம். ஏனென்றால் அவன் இதற்குக் கூலி வாங்குவதில்லை.

ஒரு சாயங்காலம் கையில் டெலிபோனை நீட்டிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, லிஸ்ட் வந்துடுச்சு. நடுவுல புது ஆளு, முன்னால ரெண்டு புது ஆளு. இந்தத் தடவை டீம் பிரமாதம்ணே!”

“போன தடவை வந்த புது ஆளுங்க என்னப்பா ஆனாங்க?”

“அவங்க போய்ட்டாங்கண்ணே.”

“அதுக்கு முந்தி வந்தவங்க?”

“அவங்களை எல்லாமா ஞாபகம் வெச்சுக்க முடியும்?”

டீக்கடை பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக ஓர் அணியின் மீது உயிரை வைத்திருக்கிற பையன் அவன். அந்த அணியில் யார் யார் ஆடினார்கள் என்று அவனால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. குற்றம் அவனுடைய ஞாபகசக்தியில் இல்லை.

சென்னையின் எப்.சி. என்ற அந்த அணி 2014-ல் பிறந்தது. சொந்தக்காரர்கள் அபிஷேக் பச்சன், வீதா தானி, நம்முடைய தோனி. முதல் வருஷமே லீக் பட்டியலில் முதலிடம். ஆனால் அரை இறுதியில் கேரளத்திடம் தோல்வி. பிரேசில்காரர் எலானோ 8 கோல் போட்டார். அடுத்த வருஷம், 2015-ல், பருவத்தின் நடுவில் அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. ஜோஸ்யர்கள் எல்லாரும் கருமாதிக்கு நாள் குறித்துவிட்டார்கள். அப்புறம் சென்னையில் பெருவெள்ளம் வந்து, அரை இறுதி ஆட்டத்தைப் புனாவில் கொண்டுபோய் ஆடவேண்டியதாயிற்று. அந்த அணிதான் டிசம்பர் 20-ம் தேதி கோவாவில், கோவாவுக்கு எதிராக, கடைசிச் சில நிமிஷங்களில் 1–2 என்று தோற்றுக்கொண்டிருந்து, 3–2 என்று ஜெயித்தது. கொலம்பியாக்காரர் மெண்டோசா கடைசி கோலைப் போட்டார். அந்தப் பருவத்தில் அவருக்கு அது 13-வது கோல். இதைப் பட்டியலைப் பார்த்து யார் சொல்லியிருக்க முடியும்?

இரண்டாவது பட்டம் 2018 மார்ச் 17-ம் தேதி பெங்களூரில். அன்று பெங்களூர் அணிக்கு சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டார். பிறகு மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு, ராபேல் அகஸ்டோ ஒன்று. மறுபடியும் 3–2. அந்த வெற்றிக்கு பிரேசில்காரர்களின் பெயரைத்தான் எல்லாரும் எழுதினார்கள். கோல் போட்டவன் பெயரை எழுதுவது நியாயந்தான். ஆனால் அந்த அணியின் முதுகெலும்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஜேஜே லால்பெக்லுவா 2014 முதல் இருந்தவர். கோலி கரண்ஜித் சிங் 2015 முதல். அனிருத் தாப்பாவும் ஜெரி லால்ரின்சுவாலாவும் 2016-ல் மீசை அரும்பாத பையன்களாக வந்தவர்கள். நடுக்களத்தில் வியாசர்பாடி தன்பால் கணேஷ். இவர்களுக்கு ஒருவருடைய மூச்சு இன்னொருவருக்குத் தெரியும். பாக் எங்கே நிற்பான் என்று ஹாப் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த முதுகெலும்பின் மேல்தான் வெளிநாட்டுத் தலை உட்கார்ந்து ஆடியது.

அடுத்த பருவம் 2018-19. சாம்பியன் அணி அல்லவா? ஜோஸ்யர்கள் மேளதாளத்தோடு பலன் சொன்னார்கள். அணி 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கணேஷின் முழங்கால் போய்விட்டது. முந்தின பருவத்தில் 9 கோல் போட்ட ஜேஜே இந்தத் தடவை ஒன்றோடு நின்றுவிட்டார்.

“பார்த்தீரா, உமது முதுகெலும்பு என்ன ஆயிற்று?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சேர்ந்து இருந்துவிட்டால் மட்டும் கோப்பை வந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதற்கு அடுத்த பருவத்தையும் பாருங்கள். 2019 நவம்பர் முடியும்போது அணி மறுபடியும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில். பயிற்சியாளர் ஜான் கிரகரி போனார். டிசம்பரில் ஓவன் கோயில் வந்தார். ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள். பட்டியலில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆட்டம் அடியோடு மாறிவிட்டது. 2020 மார்ச் 14-ம் தேதி, கொரோனா பயத்தில் ஜனமே இல்லாத கோவா மைதானத்தில் இறுதி ஆட்டம் வரை வந்து, கல்கத்தா ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றார்கள். லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் போட்டிருந்தார்.

என்னைக் கேட்டால் அந்த அணிக்குச் சனி பிடித்தது அடிமட்டத்தில் கிடந்தபோது அல்ல. அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு வந்த சில மாதங்களில்தான். கோயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். இரண்டு வருஷம் கழித்து லீகில் முதலிடத்துக்கான கேடயத்தை ஜாம்ஷெட்பூர் வாங்கியது. சென்னையில் மிஞ்சியவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாங்தே 2022 ஜனவரியில் பம்பாய்க்குப் போய், அடுத்த பருவத்திலேயே நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். ஜெரி போனார். கடைசியாக 2023-ல் தாப்பாவும் கல்கத்தாவுக்குப் போனார். டேராடூன் பையன், பதினெட்டு வயசில் வந்து ஏழு வருஷம் சென்னையில் வளர்ந்து தலைவன் ஆனவன். ரெயிலேறி வழியனுப்ப யாரும் போகவில்லை. அடுத்த பட்டியலில் அவன் இடத்துக்கு வந்தவன் யார் என்று பார்க்கப் போய்விட்டோம்.

பலன் என்ன தெரியுமா? 2020-21-ல் எட்டாவது இடம். 2021-22-ல் எட்டு. 2022-23-லும் எட்டு. மூன்று பருவம், மூன்று பயிற்சியாளர்: ஹங்கேரியர் ஒருவர், மாண்டிநீக்ரோக்காரர் ஒருவர், ஜெர்மானியர் ஒருவர். இடம் மட்டும் மாறவில்லை. பிறகு கோயில் இரண்டாம் தடவை வந்தார், 2023-24-ல் ஆறாவது. 2024-25-ல் ஒடிசாவில் போய் முதல் ஆட்டத்தை 3–2 என்று ஜெயித்தபோது ஜோஸ்யர்கள் மறுபடியும் பஞ்சாங்கத்தைத் தூசி தட்டினார்கள். முடிவில் 13 அணிகளில் 11-வது.

இந்த ஜோஸ்யர்கள் கணக்குப் போடுகிற முறையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 2014-ல் ஓர் அணி ஆறு வெளிநாட்டுக்காரர்களைக் களத்தில் இறக்கலாம். 2017-18-ல் அது ஐந்தாயிற்று. 2021-22 முதல் நாலுதான். அதாவது, களத்தில் நிற்கிற 11 பேரில் 7 பேர் இந்தியர்களாக இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம். இப்போது ஏதாவது ஒரு முன்னோட்டக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் நாலு பேருக்கும் நாலு பத்தி. எந்த நாட்டில் ஆடினான், எத்தனை கோல், என்ன உயரம், எல்லாம் இருக்கும். பாக்கி ஏழு பேருக்கு ஒரே வரி: “இந்திய ஆட்டக்காரர்களும் கைகொடுத்தால்...” கைகொடுத்தால்! பந்தியில் இலை போடுகிறவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி. நாலு அணிகளிடம் நாலு நல்ல வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ஏழு பேரில் அல்லவா இருக்கிறது? கோல் போட ஆளைக் காசு கொடுத்து ஒரு வருஷத்துக்கு வாங்கிவிடலாம். இடது பக்கத்து பாக்கும், அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனும், பின்னால் நிற்கிற கோலியும் ஒருவரையொருவர் பார்க்காமலே புரிந்துகொள்வதை ஒரு வருஷத்துக்கு வாங்க முடியாது.

சரி, அந்த ஏழு பேர் எங்கிருந்து வரவேண்டும்? இங்கேதான் எனக்கும் என் சிநேகிதர்களுக்கும் சண்டை முற்றுகிறது.

“ஊர் அபிமானமெல்லாம் பத்தாம்பசலித்தனம். சூப்பர் கிங்ஸில் எத்தனை தமிழன் ஆடுகிறான்? அது ஜெயிக்கவில்லையா?” என்கிறார்கள். ஐந்து கோப்பை ஜெயித்திருக்கிறது, வாஸ்தவம். தோனி ராஞ்சிக்காரர், அதுவும் வாஸ்தவம். ஆனால் ராஞ்சிக்காரரை நாம் ஏன் வீட்டுப் பிள்ளை மாதிரி கொண்டாடுகிறோம்? 2008-ல் வந்தவர், அணியே தடைபட்டுக் கிடந்த 2016, 2017 தவிர, மஞ்சள் சட்டையை விட்டு வேறு சட்டைக்குப் போகவில்லை. வந்தவர் இருந்தார். இருந்ததனால் நம்முடையவர் ஆனார். அதே மனிதர்தான் கால்பந்து அணிக்கும் ஒரு சொந்தக்காரர் என்பதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கிரிக்கெட்டில் தெரிந்த சூட்சுமம் காலுக்கு வந்ததும் எங்கே போயிற்று?

ஆக, நான் சாதி சர்டிபிகேட் பார்க்கிற மாதிரி ஊர் சர்டிபிகேட் பார்க்கச் சொல்லவில்லை. மிஸோரம் பையன் ஏழு வருஷம் இருந்தால் அவன் சென்னைக்காரன்தான். ஆனால் மிஸோரம் பையனுக்கு ஊருக்குப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் போவான். பம்பாயிலிருந்து பெரிய பணம் வந்தால் போவான். உள்ளூர்ப் பையனுக்கு இருப்பதற்குக் காரணம் ஒன்று அதிகம். அவன் அம்மா இங்கே இருக்கிறாள்.

ஆனால் நம்முடைய பையன்கள் எங்கே இருக்கிறார்கள்?

சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர், ஒடிசாவுக்கு ஆடி, பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 ஆகஸ்ட் 12-ம் தேதி டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒரே ஒரு கோலில், நாலரை வருஷமாக அந்தப் பகையாளியை ஜெயிக்க முடியாமலிருந்த பாதிக் கல்கத்தா ஆனந்தக் கண்ணீர் விட்டது. சிவகங்கைச் சீமைக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன், 2022-ல் பெங்களூர் அணிக்கு டூரண்ட் இறுதி ஆட்டத்தில் முதல் கோலைப் போட்டார். கன்னியாகுமரி மீனவக் கிராமத்து மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், கல்கத்தாவுக்குப் போனார். 2020-ல் சென்னை அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய ஏ.டி.கே. அணியில் அவரும் ஒருவர்.

எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆட்டம் பார்க்கமாட்டார், இலக்கணம் பார்ப்பார். “சென்னையின் என்று ஓர் அணிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, சென்னையின் எது? சொல் பாதியில் நிற்கிறதே!” என்று ஒருநாள் கேட்டார். “சென்னையினுடைய அணி என்று அர்த்தமாக்கும்” என்றேன். “அல்ல, ‘இன்’ என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. நன்னூல் அதற்குச் சொல்கிற முதல் பொருள் நீங்கல். சென்னையின் நீங்கியவர்கள் என்று கொண்டால் வாக்கியம் முடிந்துவிடும்” என்றார். பண்டிதர்கள் சில சமயம் தெரியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

நம் பையன்களை வைத்து ஜெயிக்க முடியாது என்கிற கட்சிக்கு ஒரே ஒரு பருவத்தை ஞாபகப்படுத்துகிறேன். மேலே சொன்ன அதே 2018-19. சூப்பர் லீகில் சென்னையின் அணி கடைசி இடத்தில் கிடந்த அதே பருவத்தில், கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் இன்னோர் அணி ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி என்று பெயர். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். முன்னால் ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி, 21 கோல். ஆனால் அவரைச் சுற்றி யார்? எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், சூசைராஜின் சகோதரர் மைக்கேல் ரெஜின், பிரவிட்டோ ராஜு, ஸ்ரீராம் பூபதி. நம் தெருக்களில் ஓடின பையன்கள். 2019 மார்ச் 9-ம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று ஜெயித்து, 43 புள்ளியோடு ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பருவத்துக்கு முன்னால் எந்த ஜோஸ்யரும் அவர்களைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் மே மாதம் பெண்கள் லீகில் பட்டம் வாங்கியது மதுரை சேது அணி. அதிலும் வெளியூர்க்காரிகள் உண்டு. ஆனால் நடுக்களத்தில் நின்றவள் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். கடலூர் எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. இதே கடல், இதே உப்புக்காற்று. அங்கே மாரியப்பன் என்ற ஒரு பயிற்சியாளர், பெற்றோர் இல்லாத பெண்களையும் ஏழைப் பெண்களையும் திரட்டி, ஓடவும் உதைக்கவும் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து இந்துமதியும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கே போனார்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் கடிதம் எழுதுவார். 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை அரை இறுதியில் இந்த இரண்டு சென்னைகளும் மோதின. கடைசி இடத்து அணி சாம்பியனை 2–0 என்று ஜெயித்தது. ஒரு நாள் ஆட்டத்தில் பணமும் அனுபவமும் ஜெயிக்கும், மறுக்கவில்லை. அப்புறம் அந்தச் சாம்பியன் அணியும் நிலைக்கவில்லை. மான்சி ஜப்பானுக்குப் போனார், பையன்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள், இன்று அந்த அணியே களத்தில் இல்லை. அதை வைத்து “பார்த்தீரா!” என்று என் சிநேகிதர்கள் கை கொட்டுகிறார்கள். நானும் அதை வைத்துத்தான் பேசுகிறேன். ஜெயித்த பட்டியலைக் கலைத்தால் எந்த அணியும் இரண்டு வருஷத்தில் காணாமல் போகும். பணம் உள்ள அணி மட்டும், காணாமல் போகாமல் எட்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கூத்து 2025-ல் நடந்தது. ஜூலை 11-ம் தேதி, லீகை நடத்தி வந்த கம்பெனி, சம்மேளனத்தோடு உள்ள ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, ஆகவே பருவத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டது. ஆகஸ்டில் பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் அணியும் நிறுத்தியது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், டெண்டர் போட்டு, டெண்டருக்கு ஒருவரும் வராமல், கடைசியில் மத்திய மந்திரி தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ம் தேதி ஆட்டம் தொடங்கியது. 14 அணி, ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டம் இருந்த இடத்தில் 13. அந்தப் பருவத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மாதக்கணக்கில் கொள்ளு வைக்காமல் கட்டிப்போட்டுவிட்டு, ஒருநாள் அவிழ்த்துவிட்டு, “எப்படி ஓடுகிறது பார்” என்றால் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? சம்பளம் நின்ற மாதங்களில் வெளிநாட்டுக்காரனுக்கு வேறு நாடு இருக்கிறது. இருபது வயசுப் பையனுக்கு, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு, என்ன இருக்கிறது? அவனைப் பற்றி எந்த முன்னோட்டக்காரரும் ஒரு வரி எழுதவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவனுடைய பென்ஷனும் பாஸ்போர்ட்டும் போகவில்லை. சொல்தா வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2018-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையை ஜெயித்த ராத்திரி, பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வீடுகளில் வெடி வெடித்தார்கள். இல்லாத வீடுகளிலும் வெடித்தார்கள். அந்த அணியில் கோல் போட்ட எம்பாப்பே, பாரிஸுக்கு வெளியே போந்தி என்ற ஏழைப் பேட்டையில், அந்தப் பேட்டைக் கிளப்பில் பந்து உதைத்தவன். காந்தே இன்னொரு புறநகர்க் கிளப்பில். எங்கள் ஊரிலிருந்து போன குடும்பங்களும் அதே புறநகர்களில்தான் இருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எட்டு வயசில் கிளப்பில் பெயர் கொடுத்து, சட்டை வாங்கி, புதன்கிழமை தோறும் பயிற்சிக்குப் போகிறார்கள். விடுமுறைக்கு இங்கே வந்தால் கடற்கரையில் எங்கள் பையன்களோடு ஆடுகிறார்கள். எங்கள் பையன்கள் அவர்களைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் அவன் விமானம் ஏறுகிறான். இவன் படகு ஏறுகிறான்.

எங்கள் மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி இரண்டு லட்சம். சுற்றிலும் தமிழ்நாடு, சர்க்கார் மட்டும் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். சந்தோஷ் கோப்பைக்குப் புதுச்சேரிக்குத் தனி அணி உண்டு; எனவே தமிழ்நாட்டுத் தேர்வில் எங்கள் பையனுக்கு இடமில்லை. நியாயந்தான், எல்லை எல்லைதான். ஆனால் கிளப்புக்கு எல்லை ஏது? மூன்று கடல் தாண்டிப் போய் ஆள் பிடிக்கிறவர்களுக்கு, எழும்பூரிலிருந்து ஒரு ராத்திரி ரெயில் தூரத்தில் இருக்கிற காரைக்கால் தெரியவில்லை.

கிளிஞ்சல்மேட்டில் ஒரு பையனை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். இடது கால்காரன். மணலில் வெறுங்காலோடு ஓடும்போது பந்து அவன் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். பதினாறு வயசில் ஒரு பட்டணத்தில் ஓர் அணியின் தேர்வுக்குப் போனான். எந்த அணி என்பதும் வேண்டாம். அவன் அப்பா ரெயில் செலவுக்கும் பூட்ஸுக்கும் வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கணக்கான பையன்கள், பதினைந்து நிமிஷம் ஆட்டம். புல்தரையில் புது பூட்ஸோடு அவன் ஓடுவது அதுதான் முதல் தடவை. பந்து மூன்று தரமோ நாலு தரமோ அவனிடம் வந்ததாம். “தகவல் சொல்கிறோம்” என்றார்கள். தகவல் வரவில்லை. வட்டி மட்டும் மாதா மாதம் வந்தது. இப்போது விசைப்படகில் போகிறான். பூட்ஸைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். தம்பி வலது கால்காரன், அவ்வளவு சரியில்லை.

அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நானும் ஜோஸ்யனாகிவிடுவேன். பதினைந்து நிமிஷத்தில் அது தெரியாது என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரை முழுவதும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். பையன்கள் எல்லாம் கரையில். பழவேற்காட்டிலிருந்து தெற்கே குப்பத்துக்குக் குப்பம் சாயங்காலத்தில் பந்து உருளுகிறது. ஒரு வெளிநாட்டுக்காரனின் ஒரு மாதச் சம்பளத்தில், கண் உள்ள ஒரு மனிதனை அந்த 61 நாளும் கடற்கரை ஓரமாக அனுப்பலாம். சையத் சபீர் பாஷா மாதிரி இங்கேயே ஆடி, இந்தியாவுக்கு ஆடி, அந்த அணியிலேயே வருஷக்கணக்கில் உதவிப் பயிற்சியாளராக இருந்து, 2022-ல் நெருக்கடியில் தலைமைப் பொறுப்பையும் ஏற்ற மனிதர்களுக்கு இந்த மண்ணும் பாஷையும் தெரியும். பத்துப் பையன்களைக் கொண்டுபோய் மூன்று வருஷம் சோறு போட்டு வைத்திருக்கட்டும். எட்டுப் பேர் தேறாமல் போகட்டும். மிஸோரத்தின் ஜனத்தொகை பதினோரு லட்சம். அங்கே 2012-ல் ஒரு லீகைத் தொடங்கினார்கள், 2017-ல் ஐஸால் அணி நாட்டுக்கே சாம்பியன் ஆயிற்று. நம்முடைய ஜேஜேயும் அந்த மலைப் பையன்தான். ஆட்டத்தை விட்டு 2023-ல் சட்டசபைக்குப் போய்விட்டார். ஐந்து வருஷத்தில் மலையில் நடந்தது கடற்கரையில் நடக்காதா?

இதையெல்லாம் அந்த டீக்கடைப் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நல்ல பிள்ளை. டெலிபோனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

“அதெல்லாம் சரிண்ணே. இந்த வருஷம் எத்தனாவது இடம்? ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க.”

“எட்டு” என்றேன்.

“எப்படிண்ணே அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

“மூணு வருஷம் உக்காந்த இடம்ப்பா. பழகிப் போயிருக்கும்.”

கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. “பதினொண்ணுக்கு எட்டு மேல்தாண்ணே!” என்று சொல்லி, பாயிடம் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.